சிகரட்டை விட்டவரின் வயிறு

(கல்முனைப் பகுதியில் நடந்த பொதுச் சுகாதாரக் கூட்டமொன்றில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகைத்தலின் கேட்டைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். சிகரட் பெட்டியில் 80 வீதத்தை எச்சரிக்கைப் படங்களே பிடித்திருக்கின்றன. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்த நாளிலிருந்து, 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பதும், மூடிய பொது இடத்தில் புகைப்பதும் குற்றம். பள்ளியில் பயானும் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே சிகரட் குடிக்கிறவரை விட்டுவிட்டு, குடித்து நிறுத்தியவரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விட்டார், அல்ஹம்துலில்லாஹ், கதை முடிந்தது என்று எல்லோரும் போய்விடுகிறோம். அவருடைய கதை அங்கேதான் தொடங்குகிறது.

“டொக்டர், சிகரட் பத்தக்குள்ள ஒரு வருத்தமும் இரிக்கல்ல. உட்டாப்போலதான் வயிறும் வந்த, சீனியும் வந்த.” கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்கிறவருக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும். வயல் இருக்கும், அல்லது பசாரில் ஒரு கடை இருக்கும். நெஞ்சு இறுக்கியதால் விட்டிருப்பார், அல்லது பேரப்பிள்ளையைத் தூக்கும்போது மகள் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து விட்டிருப்பார். ஒரு வருடத்துக்குள் காற்சட்டை இடுப்பில் ஏறாது. இரத்தம் சோதித்தால் வெறும் வயிற்றுச் சீனி நூற்றுப் பதினைந்தில் நிற்கும். அவர் மனதில் ஓடும் கணக்கு எனக்குத் தெரியும்: நாளைக்கு இரண்டு சிகரட் மட்டும் என்றால் வயிறு இறங்கிவிடாதா?

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறைத்துப் பேசினால் மற்றப் பாதியை அவர் நம்பமாட்டார். எனவே உண்மையிலிருந்தே தொடங்குகிறேன்.

சிகரட்டை விட்டால் நிறை கூடும். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கணக்கின்படி, மருந்து எதுவும் எடுக்காமல் விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4.7 கிலோ கூடியிருந்தது. அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே ஏறிவிட்டது. ஆனால் சராசரி என்பது ஒரு பேச்சுக்குத்தான். அதே கணக்கில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நிறை குறைந்தும் இருக்கிறது. பதின்மூன்று பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடியும் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பது உங்கள் அடுப்படியையும் தேத்தண்ணிக் கடையையும் பொறுத்தது.

ஏன் கூடுகிறது? நிகொட்டின் செய்யும் வேலை இரண்டு. ஒன்று, மூளையில் பசியை அடக்கும் நரம்புக் கலங்களை அது தூண்டிவிடுகிறது. மற்றது, உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியைக் கூட்டுகிறது. 1986இல் சுவிற்சர்லாந்தில் எட்டுப் பேரை ஓர் அறைக்குள் வைத்து அளந்து பார்த்தார்கள். 24 சிகரட் குடித்த நாளில், குடிக்காத நாளைவிட 200 கலோரிக்குச் சற்று அதிகமாக உடம்பு எரித்தது. விட்டதும் அந்த 200 கலோரி மிச்சமாகிறது. பசியும் திரும்புகிறது, நாக்குக்கு ருசியும் திரும்புகிறது. பல வருடம் ருசி மங்கிக் கிடந்த ஆளுக்கு மாட்டிறைச்சிக் கறி மறுபடி மணக்கத் தொடங்கினால் அவர் என்ன செய்வார்?

இது பலவீனமோ பேராசையோ இல்லை, உடம்பின் இயல்பு. வீட்டில் இருப்பவர்கள் அவரை “தின்னி” என்று கேலி செய்யக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது சீனிக்கு வருவோம். சீனி வருத்தம் திடீரென்று வருவதில்லை. அதற்குப் பல வருடம் முன்பே இன்சுலின் எதிர்ப்பு என்ற நிலை வந்துவிடும். சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி இரத்தத்தில் ஓடுகிறது. அதை உள்ளே எடுக்கும்படி தசைக்கும் ஈரலுக்கும் சொல்வது இன்சுலின். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் காது கேளாதவராகிவிட்டால் அவர் இன்னும் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். கணையம் அப்படித்தான் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. அந்தக் காலத்தில் சீனி அளவு சரியாகவே இருக்கும், றிப்போட்டில் ஒன்றும் தெரியாது. கணையம் களைத்த பிறகுதான் சீனி ஏறும். காதை அடைப்பது பெரும்பாலும் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரும் கொழுப்பு. கையிலும் தொடையிலும் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு அவ்வளவு மோசமில்லை. கழுத்தின் பின்பக்கம் தோல் கறுத்து வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால் அது அழுக்கில்லை, உரஞ்சிக் கழுவிப் போகாது. இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம். மகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லை, முகத்தில் மயிர் வளர்கிறது என்று வருகிறவர்களிலும் பலருக்கு உள்ளே இருப்பது இதே கோளாறுதான்.

தெற்காசியர்களான நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. பூனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் யுட்கின், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கும் நிறைக்குமான கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. இருவரும் மெலிந்தவர்கள். ஆனால் கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 வீதம், நம்மவருக்கு 21.2 வீதம். வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு 25 வரை காத்திராமல் 23இலேயே எச்சரிக்கை வைக்கச் சொன்னது. இடுப்புச் சுற்றளவு நம் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே கவனிக்க வேண்டும்.

நாட்டின் நிலையும் கேளுங்கள். 2005, 2006இல் எடுத்த தேசிய ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2019ஐ ஒட்டி எடுத்த இன்னோர் ஆய்வில் அது 23 வீதம். நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்பவர்கள் மேலும் 30 வீதம். இரண்டும் ஒரே முறையில் எடுத்த கணக்கில்லை. என்றாலும் போகும் திசை தெரிகிறது. இந்த மண்டபத்தில் ஒரு கதிரை வரிசையைப் பாருங்கள், வரிசைக்குப் பாதிப் பேர்.

இனி அவர் சொன்னதில் பொய்யான பாதி. “பத்தக்குள்ள ஒண்டும் இரிக்கல்ல” என்கிறாரே, இருந்தது. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிகரட்டே இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்குகிறது. 2007இல் வெளிவந்த பெரும் தொகுப்பாய்வில், புகைப்பவருக்கு நீரிழிவு வரும் ஆபத்து புகைக்காதவரைவிட 44 வீதம் கூடுதலாகவும், அதிகமாகப் புகைப்பவருக்கு 61 வீதம் கூடுதலாகவும் இருந்தது. புகைப்பவர் பார்வைக்கு மெலிந்திருந்தாலும், அதே நிறையுள்ள புகைக்காதவரைவிட அவருக்குக் கொழுப்பு வயிற்றில்தான் கூடுதலாகச் சேரும். கையும் காலும் ஈர்க்கு, நடுவில் மட்டும் ஒரு தொப்பை. நம்மூரில் அப்படி எத்தனை பேரைப் பார்க்கிறோம்! விட்டபிறகு ஓரிரு மாதத்துக்குள்ளேயே, நிறை கொஞ்சம் கூடினாலும், இன்சுலின் வேலை செய்யும் விதம் திருந்துவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் விட்டவருக்கு ஏன் சீனி வருகிறது? 2018இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் பல வருடக் குறிப்புகளைப் பார்த்துச் சொன்ன பதில்தான் எனக்குத் தெரிந்ததில் தெளிவானது. விட்டுச் சில வருடங்களில் நீரிழிவு ஆபத்து, தொடர்ந்து குடிப்பவரைவிடச் சற்றுக் கூடியது. ஐந்து முதல் ஏழாம் வருடத்தில் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கியது. ஆனால் அந்தக் கூடுதல் ஆபத்து முழுக்க நிறை ஏறியவர்களுக்கே வந்தது. நிறை ஏறாதவர்களுக்கு அது வரவேயில்லை. இன்னொன்றையும் நன்றாகக் கேளுங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியவர்களுக்குக்கூட, இதய நோயால் மரணிக்கும் ஆபத்து தொடர்ந்து குடித்தவர்களைவிட வெகுவாகக் குறைந்தது. சிகரட்டை விட்டு வயிறு வைத்தவர், வயிறில்லாமல் குடிப்பவரைவிடக் கூடக்காலம் வாழ்கிறார். ஆகவே “ரெண்டு மட்டும்” என்ற பேரத்துக்கு இடமில்லை. வயிற்றை வேறு வழியில் கவனிப்போம்.

எங்கே தொடங்குவது? தேத்தண்ணியில். சிகரட்டை விட்டவரை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். முன்பு சிகரட் இருந்த ஒவ்வொரு இடைவெளியிலும் இப்போது ஒரு பிளேன்டீ இருக்கும். கை சும்மா இருக்க முடியாது, வாய் சும்மா இருக்க முடியாது. கடையில் கிளாஸுக்கு இரண்டு கரண்டி சீனி போடுவார்கள், கேளாமலே. ஒரு கரண்டி ஏறக்குறைய ஐந்து கிராம், இருபது கலோரி. முன்பைவிட ஆறு தேத்தண்ணி கூடினால் நாளுக்கு 240 கலோரி. நிகொட்டின் போனதால் மிஞ்சிய 200ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பருக்கைச் சோறு கூட்டாமலே நிறை ஏறிவிடும். தேத்தண்ணியோடு வரும் பணிஸையும் வடையையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

மதுப்பழக்கம் நம்மிடம் குறைவு என்று பெருமையாகச் சொல்வோம், சரிதான். ஆனால் அந்த இடத்தில் சீனியை உட்கார வைத்திருக்கிறோம். துக்க வீட்டிலும் சீனி, கலியாண வீட்டிலும் சீனி. வாடிக்கையாளரை உட்கார வைத்தால் நெக்டோ சோடா. வந்தவருக்குச் சீனியில்லாத் தேத்தண்ணி கொடுத்தால் வீட்டுக்காரருக்கே அவமானம். இதை மாற்ற ஒரு தந்திரம் சொல்கிறேன். ஒரேயடியாகச் சீனியை நிறுத்தினால் இரண்டாம் நாள் தோற்றுப்போவீர்கள். இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்குங்கள், பத்து நாள் கழித்து ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகிக்கொள்ளும். இஞ்சி தட்டிப் போட்டால் சீனி குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. தேத்தண்ணிக் கடையில் உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள். பழைய கூட்டாளிகள் பத்தவைக்கும் வாங்கில் போய் இருந்துகொண்டு மனக்கட்டுப்பாட்டைச் சோதிப்பது தேவையில்லாத வீரம். சிலர் சிகரட்டின் இடத்துக்கு வெற்றிலையோடு புகையிலையைக் கொண்டுவருகிறார்கள். அது விட்டதாகாது, வாயை மாற்றியது.

அடுத்தது சஹன். நமது விருந்துகளில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்போம். நடுவில் புரியாணி, மேலே கோழி, ஓரத்தில் அச்சாறு. பக்கத்தில் இருப்பவர் நல்ல இறைச்சித் துண்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். அது மரியாதை, மறுக்க முடியாது. நீங்களும் அவர் பக்கம் தள்ளுவீர்கள். எழும்பும்போது, தான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று யாருக்கும் தெரியாது. தனிக் கோப்பையில் சாப்பிட்டால் இரண்டாம் தரம் போட்டது நினைவிருக்கும். சஹனில் முதலாம் தரமும் இல்லை, இரண்டாம் தரமும் இல்லை. அதற்கு மேல் வட்டிலப்பம் வரும். சஹனை விடச் சொல்ல நான் யார்? கூடி உண்பதில் பரக்கத் இருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்ற வழிகாட்டலும் நம்மிடம் இருக்கிறது. முதலில் கறியையும் மரக்கறியையும் எடுங்கள், சோற்றைப் பிறகு தொடுங்கள். பேச்சைக் கூட்டுங்கள், கையை மெதுவாக்குங்கள்.

நமது பகுதியில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்வீட்டுக்குப் போகிறார். மாமி சமைத்து வைக்கிறார், மருமகன் மறுக்கமாட்டார். “மருமகன் ஒண்டும் தின்னுறாரில்ல” என்று மாமி சொல்லிவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்த அன்பு பல பேரின் இடுப்பில் தெரிகிறது. இந்த மண்டபத்தில் திரைக்கு அப்பால் இருக்கும் மாமிமாருக்கு என் வேண்டுகோள்: மருமகன் சிகரட்டை விட்டிருந்தால், அவருடைய சோற்றுக் கோப்பையில் பாதியை வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் கங்குனும் பிடிக்கட்டும். சூடை மீனோ கீரி மீனோ ஆணமாக்கி வையுங்கள், அவித்த முட்டை வையுங்கள், பருப்பு வையுங்கள். புரதம் உள்ளே போனால் பசி தாமதிக்கும். ஆனால் பெண்கள் மீதே எல்லாப் பாரத்தையும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டில் புகைப்பவர்கள் அநேகமாக ஆண்கள்தான்; 2015ஐ ஒட்டிய கணக்கில் ஏறக்குறைய பத்து ஆண்களில் மூன்று பேர், பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவு. வருத்தத்தை ஆண் தேடிக்கொள்வது, பத்தியத்தைப் பெண் சமைப்பது என்ற ஏற்பாடு நியாயமா? மீனை நீங்களே வாங்கி, கழுவிக் கொடுங்கள் காக்கா. நடந்தே போய் வாங்குங்கள்.

நடையைச் சொன்னேன். நம் வாப்பாமார் வயலுக்கு நடந்தார்கள், குனிந்து நட்டார்கள், அரிவாளால் வெட்டினார்கள், சூடு மிதித்தார்கள். மருதமுனையில் தறியில் இருந்தவருக்குக் கையும் காலும் நாள் முழுக்க ஆடின. இன்று வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வரம்பில் நின்று மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறோம். சோற்றின் அளவு மட்டும் வாப்பா காலத்து அளவு. குளுக்கோஸைப் பெருமளவில் உறிஞ்சுவது தசைதான். அதிலும் வேலை செய்யும் தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலே சீனியை எடுத்துக்கொள்ளும். காது கேளாத வீட்டுக்குள்ளே போக அதுதான் பின்வாசல். அதனால் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது, சாப்பிட்டதும் சாயாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் நடவுங்கள். பகல் சோற்றுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும். சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடப்பவர்கள் கூடிவருகிறார்கள், பெண்களும் வருகிறார்கள், பார்க்கச் சந்தோஷம். சாய்ந்தமருது ஒழுங்கைகளில் நடக்க வெட்கப்படும் சகோதரிகள் மொட்டைமாடியில் நடக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் வேலையும் வேண்டும். தண்ணீர் நிரப்பிய போத்தல் போதும், கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதும் போதும்.

இங்கே சென்னையின் ஆய்வொன்றைச் சொல்லியாக வேண்டும். வைத்தியர் ஏ. ராமச்சந்திரனின் குழு, நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 வீதமானோர் நீரிழிவுக்காரரானார்கள். உணவையும் நடையையும் திருத்தியவர்களில் அது 39 வீதம். ஆச்சரியம் என்னவென்றால் அவர்களுடைய நிறை பெரிதாகக் குறையவில்லை. நம்மைப்போல் சோறு தின்னும், நம்மைப்போல் உடம்புள்ள மனிதர்கள். அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வில் 7 வீத நிறைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட நடையும் இலக்காக இருந்தன. அங்கே ஆபத்து 58 வீதம் குறைந்தது. எண்பது கிலோ ஆளுக்கு 7 வீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. அறுபது கிலோவுக்கு இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒழுங்கு முக்கியம். சிகரட்டை விட்ட வாரத்திலேயே பட்டினி கிடக்க வேண்டாம். பசியும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் கை தானாகப் பெட்டியைத் தேடும். முதல் மூன்று மாதம் நிறை ஏறாமல் பிடித்து வைத்தாலே பெரிய வெற்றி: தேத்தண்ணிச் சீனி, சோடா, எண்ணெய்ப் பலகாரம் ஆகிய மூன்றையும் குறைத்து, நடையைக் கூட்டுங்கள். சிகரட் ஆசை அடங்கிய பிறகு நிறையைக் குறைக்க இறங்குங்கள், மாதத்துக்கு ஒரு கிலோ என்றாலும் போதும். நிகொட்டின் பட்டி, வரெனிக்லின் போன்றவை ஆசையை அடக்குவதோடு நிறை ஏறுவதையும் அவற்றைப் பாவிக்கும் காலத்துக்குத் தள்ளிப்போடும். வைத்தியரைக் கேட்டு எடுக்கலாம். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால், புகைத்தலை விட உதவும் அரச சேவை கிடைக்கும். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் சிலருக்குத் தேவைப்படும், ஆனால் அது வயிற்றைக் கரைக்கும் குளிசை இல்லை. வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறேன், கருஞ்சீரகம் எடுக்கிறேன் என்பவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை, கிளினிக் குளிசையை நிறுத்தாதவரை. இன்சுலின் ஊசி போடுகிறவர் சிகரட்டை விட்டால் சீனி இறங்கிப்போகவும் கூடும், முதல் வாரங்களில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

நோன்பைப் பற்றிக் கேட்காமல் என்னை விடமாட்டீர்கள். நோன்புகாரர் பதின்மூன்று, பதினான்கு மணிநேரம் சிகரட் இல்லாமல் இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் உடம்பால் முடியும். சிக்கல் மஃரிப் பாங்குக்குப் பிறகுதான். பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, சமூசா, ரோல்ஸ், பெட்டிஸ். தராவீஹ் முடிந்து மறுபடியும் சோறு. பேரீச்சம்பழம் சுன்னத் என்று ஒரு கிண்ணத்தைக் காலி செய்பவரையும் பார்த்திருக்கிறேன், மூன்று போதும். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி ஒரு கோப்பை, பொரித்ததில் ஒன்று, பிறகு தொழுகை, பிறகு அளவாய்ச் சாப்பாடு என்று வைத்தால் ரமழான் நிறையைக் குறைக்கும் மாதம்தான். கிளிக்லசைட் குளிசை போடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் நோன்புக்குச் சில வாரம் முன்பே கிளினிக்கில் பேசி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும், தாமாக மாற்றக்கூடாது.

கடைசியாக ஒரு வேலை. தராசை விட நாடாவை நம்புங்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் சாரம் உடுக்கிறோம். சாரம் ஒரு நாளும் உங்களுக்கு வயிறு வந்ததைச் சொல்லாது, இடுப்புக்குத் தகுந்தபடி விரியும். தையல் நாடா ஒன்றை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளவுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில். எழுதி வையுங்கள். 35 வயது தாண்டியவர்கள் அருகிலுள்ள சுகவாழ்வு நிலையத்தில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கலாம். சிகரட்டை விட்ட வருடத்தையும் அங்கே சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம், ஆண்களுக்கு இந்தப் பக்கம், பெண்களுக்கு அந்தப் பக்கம், தாதிமார் நாடாவோடு நிற்கிறார்கள். போகும்போது அளந்துவிட்டுப் போங்கள். தேத்தண்ணியும் வைத்திருக்கிறார்கள், சீனி தனியே ஒரு போத்தலில் இருக்கிறது.